மூத்திரப்பை வலிக்கு ஸ்டெம் செல்: நகையை அடகு வைக்கும் முன்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நெல்லிக்குப்பத்தில் இருக்கிறீர்கள், அம்மாவுக்கு 48 வயது. ஆறு வருஷமாக அவருக்குத் தொப்புளுக்குக் கீழே வலி. மூத்திரப்பை நிறைய நிறைய வலி ஏறுகிறது, போய்விட்டு வந்தால் கொஞ்ச நேரம் அடங்குகிறது. பகலில் இருபது தடவை, ராத்திரி நாலைந்து தடவை. யூரின் கல்ச்சர் எத்தனை முறை கொடுத்தாலும் கிருமி வளரவில்லை என்றே வருகிறது. கடைசியாகப் பார்த்த டாக்டர் "மூத்திரப்பை நரம்பில் அழற்சி" என்றிருக்கிறார். இப்போது பெருநகரத்து க்ளினிக் ஒன்று, ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) ஊசி, மூன்று சிட்டிங், மூன்றரை லட்சம், நூற்றுக்கு எண்பது பேருக்குக் குணம் என்கிறது. நகையை அடகு வைத்துச் செய்யலாமா என்று கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "எல்லாம் பாத்தாச்சு, இது ஒண்ணுதான் பாக்கி. வேணாம்னு சொன்னா காசுக்காக அம்மாவ விட்டுட்ட மாதிரி ஆயிடுமோ." உங்கள் கேள்வியே அந்த வரிதான் என்று நினைக்கிறேன்.

புதுச்சேரியில் இருபத்தாறு வருஷமாக யூராலஜி பார்க்கிறேன். ஸ்டெம் செல் ஆராய்ச்சி செய்தவன் இல்லை. இந்த வலியோடு வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பவன். அம்மாவைப் பரிசோதிக்காமல் இன்ன நோய்தான் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் இரண்டு விஷயம் தயங்காமல் சொல்வேன். அந்த ஊசிக்குப் பணம் கட்டாதீர்கள். எல்லாம் பார்த்தாச்சு என்பதும் சரியில்லை. நீங்கள் எழுதியதில் பதினோரு கோர்ஸ் ஆன்டிபயாடிக் இருக்கிறது, மூன்று ஸ்கேன் இருக்கிறது, பி12 ஊசி இருக்கிறது. சிஸ்டோஸ்கோபி, அதாவது கேமரா வைத்த குழாயை விட்டுப் பைக்குள் பார்ப்பது, இல்லை. ஆறு வருஷத்தில் ஒருவரும் மூத்திரப்பைக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் 'இன்டர்ஸ்டீஷியல் சிஸ்டைட்டிஸ்' அல்லது 'மூத்திரப்பை வலி நோய்' என்று நாங்கள் சொல்வதோடு பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. ஆறு வாரத்துக்கு மேல் நீடிக்கிற, மூத்திரப்பையிலிருந்து வருவதாகத் தோன்றுகிற வலியும் அவசரமும் இருந்து, கிருமியோ வேறு காரணமோ அகப்படாவிட்டால் இந்தப் பெயரை வைக்கிறோம். கடைசித் துண்டைக் கவனியுங்கள்: வேறு காரணம் அகப்படாவிட்டால். தேடாமல் இந்தப் பெயரை வைக்கக்கூடாது. பையின் உள்சுவரில் வழவழவென்று ஒரு பூச்சு உண்டு. மூத்திரத்தின் உப்பும் அமிலமும் திசுவுக்குள் இறங்காமல் காப்பது அதுதான். அது சிலரிடம் பழுதாகிறது. உப்பு கசிந்து இறங்கும்போது அங்குள்ள, அழற்சியைக் கிளப்புகிற மாஸ்ட் செல்கள் உசுப்பப்படுகின்றன, வலி நரம்புகளும் உசுப்பப்படுகின்றன. நரம்பு முனைகள் தாங்களே சில ரசாயனங்களைச் சுரந்து அழற்சியை இன்னும் கூட்டுகின்றன. உங்களிடம் சொன்ன "நரம்பு அழற்சி" அநேகமாக இந்தச் சுற்றுதான். வருஷக்கணக்கில் இது ஓடினால் முதுகுத்தண்டும் மூளையும் வலியைப் பழகிக்கொள்கின்றன. பை பாதி நிறைவதையே அவை வலி என்று படிக்க ஆரம்பித்துவிடும். இதெல்லாம் எல்லா நோயாளியிடமும் ஒரே அளவில் நடப்பதில்லை. முதலில் எது கெட்டது என்பதும் இன்னும் தீராத விவாதம். ஒரே பெயருக்குள் இரண்டு மூன்று நோய்கள் ஒளிந்திருக்கின்றன என்பது என் எண்ணம்.

வேறு காரணம் என்று சொன்னேனே, அதில் நானே ஒருமுறை தவறினேன். பல வருஷத்துக்கு முன்பு, நான் அப்போது வேலை பார்த்த ஓரிடத்தில், பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிற ஒரு அம்மா வந்தார். முந்திரித்தோல் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். தண்ணீர் எவ்வளவு குடிக்கிறார், ஒவ்வொரு தடவையும் எவ்வளவு போகிறார் என்று அளந்து எழுதி வரச் சொன்னேன். கிழித்த தினசரிக் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் மகன் எழுதிக் கொடுத்திருந்தான், ஒரு ரப்பர் பேண்ட் போட்டு. அறுபது மில்லி, ஐம்பது மில்லி, எழுபது மில்லி. சாதாரணமாக 300, 400 பிடிக்க வேண்டிய பை. யூரினில் சீழ்செல் இருந்தது, கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. மூத்திரப்பை வலி நோய் என்று எழுதி எட்டு மாதம் மாத்திரை கொடுத்தேன். அது காசநோய். சாதாரண கல்ச்சரில் காசநோய்க் கிருமி வளராது, அதற்குத் தனிப் பரிசோதனை வேண்டும் என்பது இரண்டாம் வருஷ மருத்துவ மாணவருக்கும் தெரிந்த பாடம். அந்தப் பரிசோதனையை நான் செய்யச் சொல்லவில்லை. காசநோய் மருந்து முடிந்தபோது வலி போய்விட்டது, ஆனால் அதற்குள் பை சுருங்கிவிட்டிருந்தது. பிறகு குடலில் ஒரு துண்டெடுத்துப் பையைப் பெரிதாக்க வேண்டியதாயிற்று. அந்தக் காலண்டர் தாள்களை இன்னும் என் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன்.

அதனால் முதல் வேலையாக, விடியற்காலையில் எழுந்ததும் போகிற முதல் மூத்திரத்தை மூன்று நாட்களாவது தனித்தனியாக எடுத்துக் காசநோய்ப் பரிசோதனைக்குக் கொடுங்கள். காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடுகிற சிபிநாட் பரிசோதனை அரசு மருத்துவமனையில் இலவசம். கடலூர் மஞ்சக்குப்பத்து அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். ஒருமுறை இல்லை என்று வந்தாலே கதை முடிந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம், மூத்திரத்தில் அந்தக் கிருமி எல்லா நாளும் இறங்காது. யூரின் சைட்டாலஜி (மூத்திரத்தில் புற்றுநோய்ச் செல் தெரிகிறதா என்ற பரிசோதனை) ஒன்றும் கேளுங்கள், பையின் உள்தோலில் தட்டையாகப் பரவும் ஒருவகைப் புற்றுநோய் இதே வேஷத்தில் வரும். சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் குழாயின் கடைசிமுனையில் மாட்டிய கல், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்தோல் போன்ற திசு வெளியே வளர்வது) இரண்டையும் தள்ளிவிட வேண்டும். அதன் பிறகு சிஸ்டோஸ்கோபி. புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கிற ஜிப்மர் யூராலஜியில் காட்டலாம். கோரிமேட்டு வரிசையில் காலை ஆறு மணிக்கு நிற்கிற கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனாலும் மூன்றரை லட்சத்துக்கு முன்னால் அந்த வரிசை சுலபம். சிஸ்டோஸ்கோபியில் முக்கியமாகத் தேட வேண்டியது 'ஹன்னர் புண்'. பையின் உள்சுவரில் சிவந்து அழற்சியோடு இருக்கும் இடம் அது, அமெரிக்க மருத்துவர் கய் ஹன்னர் 1915-ல் விவரித்தது. எல்லோருக்கும் இருக்காது, குறைவானவர்களுக்குத்தான் இருக்கும். இருந்தால் அது நல்ல செய்தி என்றே சொல்வேன்: அதைச் சுட்டுவிட்டாலோ, அந்த இடத்தில் ட்ரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டாலோ பல மாதங்களுக்கு வலி நன்றாக இறங்கும். திரும்பி வந்தால் திரும்பச் செய்யலாம்.

இனி ஸ்டெம் செல். உறுதியானதை முதலில் சொல்கிறேன். ரத்தம் உண்டாக்கும் ஸ்டெம் செல்களை மாற்றிவைப்பது நிரூபணமான சிகிச்சை. எலும்பு மஜ்ஜை மாற்று என்று நாம் சொல்வது அதுதான், வேலூர் சிஎம்சியில் 1986-லிருந்து செய்கிறார்கள். ரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்றவற்றில் அது உயிரைக் காப்பாற்றுகிறது. க்ளினிக்குகள் விற்பது வேறு சரக்கு. கொழுப்பிலிருந்தோ எலும்பு மஜ்ஜையிலிருந்தோ தொப்புள்கொடியிலிருந்தோ எடுக்கிற 'மீசன்கைமல்' செல்கள். அவை புது நரம்பாகவும் புது மூத்திரப்பையாகவும் மாறும் என்று விளம்பரத்தில் படம் போடுகிறார்கள். அப்படி நடப்பதாக ஆராய்ச்சிக்காரர்களே இப்போது சொல்வதில்லை. அந்தச் செல்கள் சில நாள், சில வாரம் இருந்து, அழற்சியைத் தணிக்கிற பொருட்களைச் சுரந்துவிட்டு மறைகின்றன என்பதுதான் பொதுவான கருத்து. (உங்கள் அக்கா பையனுக்குச் சேமித்துவைத்த தொப்புள்கொடி ரத்தத்தை இதற்குப் பயன்படுத்தலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கூடாது. அதில் பெரும்பாலும் இருப்பது ரத்தம் உண்டாக்கும் செல்.)

எலிகளிடம் இது வேலை செய்கிறது. மூத்திரப்பைக்குள் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டோ, சைக்ளோஃபாஸ்ஃபமைட் மருந்து கொடுத்தோ பையைப் புண்ணாக்கி, பிறகு இந்தச் செல்களைச் செலுத்தினால் அழற்சி குறைகிறது, எலி அடிக்கடி போவதும் குறைகிறது. நேர்மையான ஆய்வுகள்தான், நான் கேலி செய்யவில்லை. ஆனால் எலிக்குப் போன வாரம் அமிலம் ஊற்றினோம், காரணம் நமக்குத் தெரியும். உங்கள் அம்மாவுக்கு ஆறு வருஷமாக எது ஊற்றிக்கொண்டிருக்கிறது என்பது தெரியாது. மனிதர்களிடம் முறையாகச் செய்தவற்றில் குறிப்பிடத்தக்கது தென்கொரியாவில் நடந்த முதல்கட்ட ஆய்வு, 2022-ல் வெளியானது. ஹன்னர் புண் இருந்த பெண்களுக்கு, மனிதக் கருவின் ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த மீசன்கைமல் செல்களைச் சிஸ்டோஸ்கோப் வழியாகப் பையின் சுவருக்குள்ளேயே போட்டார்கள். எத்தனை பெண்கள் தெரியுமா? மூன்று பேர். ஆபத்து வருகிறதா என்று பார்ப்பதுதான் அந்த ஆய்வின் நோக்கம். குணமாகிறதா என்பதை மூன்று பேரை வைத்துச் சொல்ல முடியாது, அவர்களும் அப்படிச் சொல்லவில்லை. இந்த நிலையில் இருக்கிற ஒன்றுக்கு "எண்பது சதவீதம்" எங்கிருந்து வந்தது என்று அந்த க்ளினிக்கைக் கேளுங்கள்.

பலன் கிடைத்ததாகச் சொல்கிற நோயாளிகளின் வீடியோக்களை அனுப்பியிருப்பார்கள். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கிற அமிட்ரிப்டிலின் மாத்திரையை இந்த நோயில் சோதித்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு 2010-ல் வந்தது, 271 பேர். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. எல்லோருக்கும் நோயைப் பற்றி உட்கார்ந்து விளக்கிச் சொல்லி, சாப்பாடு, தண்ணீர், பையைப் பழக்குவது எல்லாம் கற்றுக் கொடுத்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் 55 சதவீதம் பேருக்குக் குறைந்தது. வெறும் மாத்திரைக்காரர்களில் 45 சதவீதம் பேருக்குக் குறைந்தது! இந்த வலி தானாகவே ஏறும், இறங்கும். ஏறியிருக்கும்போதுதான் ஆள் வைத்தியத்துக்குக் கிளம்புவார், அதற்குப் பிறகு இறங்குவது இயல்பு. அதோடு ஒருவர் உட்கார்ந்து காதுகொடுத்துக் கேட்டாலே பாதி வலி தணிகிற நோய் இது. ஒப்பீட்டுக் குழு இல்லாமல் செய்கிற எந்தச் சிகிச்சையும் இதில் ஜெயித்த மாதிரிதான் தெரியும்.

செய்துபார்த்தால் நஷ்டம் பணம்தானே என்று அம்மா சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அதுவும் அப்படியில்லை. 2017-ல் வெளியான ஒரு அறிக்கை: அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் விழித்திரை நோய்க்குத் தங்கள் வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்லை இரண்டு கண்ணிலும் போட்டுக்கொண்ட மூன்று பெண்களுக்குப் பார்வை பறிபோனது. தலைக்கு 5,000 டாலர் கட்டி. போர்ச்சுகலில் முதுகுத்தண்டுக் காயத்துக்கு மூக்கு உள்தோல் செல்களை வைத்துக்கொண்ட ஒரு பெண்ணுக்கு எட்டு வருஷம் கழித்து அந்த இடத்தில் சளி சுரக்கும் கட்டி வளர்ந்திருந்தது, 2014-ல் பதிவானது. இவை கண்ணும் முதுகும்தான், மூத்திரப்பை இல்லை. அதே விபத்து அம்மாவுக்கும் நடக்கும் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. "உங்க உடம்பு செல்தானே, ஒண்ணும் பண்ணாது" என்ற பேச்சை நம்பாதீர்கள் என்பதற்குச் சொல்கிறேன். க்ளினிக் உங்களுக்கு அனுப்பிய தாளில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி, என்சைம் போட்டுக் கரைத்து, அன்றைக்கே டிரிப் வழியாக ஏற்றுவார்களாம். கையின் ரத்தக்குழாயில் ஏற்றுகிற இந்தச் செல்களில் பெரும்பகுதி முதல் சுற்றிலேயே நுரையீரலின் நுண்குழாய்களில் மாட்டிக்கொள்ளும். மூத்திரப்பைக்கு வந்து சேர்வது சொற்பம். கொரியாக்காரர்கள் சிரமப்பட்டுப் பையின் சுவரிலேயே ஏன் போட்டார்கள் என்று யோசியுங்கள்.

நம் நாட்டின் விதி இதில் தெளிவாகவே இருக்கிறது. ஐசிஎம்ஆரும் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ரத்த ஸ்டெம் செல் மாற்று தவிர மற்றதெல்லாம் ஆய்வாகத்தான் செய்யப்பட வேண்டும். சிகிச்சை என்று விற்பது நெறிமீறல். பிறகு பெங்களூரில் தயாராகும் ஒரு மீசன்கைமல் செல் மருந்துக்கு, ரத்த ஓட்டம் அடைபட்டு அழுகும் நிலைக்கு வந்த கால்களுக்காகவும், அப்புறம் முழங்கால் தேய்மானத்துக்காகவும் மத்திய அரசு அனுமதி கொடுத்தது. அதாவது முறைப்படி சோதித்துக் காட்டினால் அனுமதி கிடைக்கிறது. மூத்திரப்பைக்கு அப்படி எதுவும் இல்லை. "நாங்களும் ஆய்வாகத்தான் செய்கிறோம்" என்று அவர்கள் சொன்னால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண்ணைக் கேளுங்கள், சிடிஆர்ஐ என்று ஆரம்பிக்கும். அதை இணையத்தில் யாரும் பார்க்கலாம். எண் கொடுத்தாலும் அதில் எழுதியிருப்பது மூத்திரப்பை வலிதானா என்று பாருங்கள், முழங்கால் ஆய்வின் எண்ணைக் காட்டுகிறவர்களும் இருக்கலாம். இன்னொன்று, ஆய்வுக்கு நோயாளியிடம் பணம் வாங்கக்கூடாது. மூன்றரை லட்சம் கேட்கும்போதே அது ஆய்வு இல்லை என்று தெரிந்துவிடுகிறது. நாளைக்கு முறையான ஆய்வு ஒன்று இங்கே தொடங்கி, இலவசமாக, நெறிக்குழு ஒப்புதலோடு அம்மாவைச் சேர்த்துக்கொள்ளக் கூப்பிட்டால், போய்க் கேட்டுப் பாருங்கள் என்று நானே சொல்வேன்.

அப்படியானால் என்ன பாக்கி இருக்கிறது? நிறைய. இடுப்புத் தளத் தசைக்குப் பிசியோதெரபி என்று உங்கள் பட்டியலில் இல்லை. வருஷக்கணக்காக வலியை அடக்கி அடக்கி அந்தத் தசைகள் முடிச்சுப்போல இறுகிவிடும். பிறகு அந்த இறுக்கமே தனி வலியாகிவிடும். 81 பெண்களை வைத்து 2012-ல் வெளியான ஆய்வில், அந்த இறுக்கத்தைக் கையால் தளர்த்தியவர்களில் 59 சதவீதம் பேருக்கு நிவாரணம், சாதாரண மசாஜ் செய்துகொண்டவர்களில் 26 சதவீதம் பேருக்குத்தான். இந்த நோயில் இவ்வளவு இடைவெளி காட்டிய சிகிச்சைகள் அதிகம் இல்லை. ஆனால் இந்தத் தளர்த்தும் முறை பழகிய பிசியோ நம் பக்கத்தில் குறைவு. தெரியாதவரிடம் போனால் கீகல் பயிற்சி, அதாவது இறுக்கிப் பிடிக்கிற பயிற்சி கொடுத்துவிடுவார், அது இதற்கு நேர் எதிர். கேட்டுவிட்டுப் போங்கள்.

அமிட்ரிப்டிலினைக் குறைந்த அளவில், ராத்திரி 10 மில்லிகிராமில் தொடங்கி மெதுவாக ஏற்றுவோம். மேலே சொன்ன ஆய்வில் 50 மில்லிகிராம் வரை ஏற முடிந்தவர்களில் 66 சதவீதம் பேருக்குப் பலன் தெரிந்தது. வாய் உலரும், தூக்கம் வரும், மலச்சிக்கல் வரும். இதய நோய் இருந்தால் மருத்துவர் இசிஜி பார்த்துத்தான் தருவார். "பைத்தியத்துக்குக் கொடுக்குற மாத்திரை" என்று மருந்துக்கடையில் யாராவது சொல்லி அம்மா நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எனக்கு இது மாதத்துக்கு ஒருமுறை நடக்கிறது. பையின் பூச்சுக்கு பென்டோசன் மாத்திரை இருக்கிறது. விலை அதிகம், பலன் நடுத்தரம், நீண்ட நாள் சாப்பிட்டவர்களில் சிலருக்கு விழித்திரை பாதிப்பு வந்ததாகத் தெரிந்த பிறகு கண் பரிசோதனை இல்லாமல் நான் எழுதுவதில்லை. சின்னக் குழாய் வழியாகப் பைக்குள் மருந்து விடுவதும் உண்டு: டிஎம்எஸ்ஓ, ஹெபரின், லிக்னோகைன். டிஎம்எஸ்ஓ 1978-லிருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒரு நாள் பூரா உடம்பே பூண்டு வாடை அடிக்கும், வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இவற்றுக்கெல்லாம் மசியாதவர்களுக்கு பொடாக்ஸ் ஊசி, நரம்புத் தூண்டல் கருவி என்று அடுத்த படிகள் இருக்கின்றன.

அந்த டாக்டர் நரம்பு என்று சொன்னாரே, அது இடுப்புத் தளத்துக்கும் பிறப்புறுப்புக்கும் போகிற பிடென்டல் நரம்பாக இருக்குமா என்ற சந்தேகமும் நியாயம். அந்த வலி உட்கார்ந்தால் கூடும், நின்றால் குறையும், பெரும்பாலும் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்காது. அம்மாவுக்கு நிறைந்தால் வலி, ராத்திரி எழுப்புகிறது. அதனால் எனக்குப் பை மேல்தான் சந்தேகம். ஆனால் இது அவரைப் பார்க்காமல் சொல்வது.

இவை எல்லாம் செய்தாலும் முழுசாகப் போய்விடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். என்னிடம் வருகிற ஒரு டீச்சர் தினமும் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் வருவார். முதலில் கன்னியக்கோயிலில் ஒருமுறை, தவளக்குப்பத்தில் ஒருமுறை, அரியாங்குப்பத்தில் ஒருமுறை இறங்கி, தெரிந்த கடையில் பாத்ரூம் கேட்டுப் போய்விட்டு அடுத்த பஸ் பிடிப்பார். பிசியோவும் மாத்திரையுமாக ஐந்து மாதம் ஆன பிறகு தவளக்குப்பத்தில் மட்டும் இறங்குகிறார். வலி இன்னும் இருக்கிறது. வேலையை விடவில்லை.

அம்மா புளிக்குழம்பு சாப்பிடலாமா என்று வேறு கேட்டிருந்தீர்கள். எல்லோருக்கும் எல்லாம் ஆகாமல் போவதில்லை. டீ, காபி, புளி, தக்காளி, எலுமிச்சை, பச்சை மிளகாய் எல்லாவற்றையும் இரண்டு வாரம் நிறுத்திவிட்டு, பிறகு மூன்று நாளைக்கு ஒன்றாகத் திரும்பச் சேர்த்து, எது உசுப்புகிறது என்று எழுதிவையுங்கள். அடிக்கடி போகவேண்டியிருக்கிறதே என்று தண்ணீரைக் குறைத்திருப்பார், அதையும் கேளுங்கள். மூத்திரம் கெட்டியானால் எரிச்சல் கூடும். நான் பார்த்தவரையில் நம் ஊர்ப் பெண்களுக்குப் புளியைவிட டீதான் அதிகம் படுத்துகிறது. ஒரு நாளைக்கு ஆறு டம்ளர் குடிக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதைக் குறைக்கட்டும், குழம்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.